டைம்லேப்ஸ் சரியாக வரவில்லையா? இருவராக எடுப்பவர்களுக்கு, குறையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

மூன்று மணி நேரம் இருவரும் காத்திருந்து எடுத்த 900 படங்களைக் கோத்து ஓட்டிப் பார்க்கும்போது, வானம் விட்டுவிட்டு மின்னினால் மனசு விட்டுப்போகும். எங்களுக்கு அது நடந்திருக்கிறது. ஆனால் டைம்லேப்ஸில், அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓட்டும் காணொளியில், வரும் குறைகள் காரணத்தைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். குறை எந்தப் படத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தால் போதும். எடுத்த நேரம், ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) எல்லாம் அந்தப் படத்தின் கோப்பிலேயே பதிவாகி இருக்கும். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று இருவரும் சேர்ந்து நினைத்துப் பாருங்கள். இரண்டு படங்களுக்கு நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். மாற்றியது கேமராவாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், உங்கள் இருவரில் ஒருவராகவும் இருக்கலாம்.

அதனால் முதலில் காணொளியை முழு வேகத்தில் ஒருமுறை பாருங்கள். அப்புறம் குறை தெரிந்த இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எப்படிப்பட்ட மாற்றம் என்று தெரிந்த பிறகு கீழே படியுங்கள்.

## காணொளி மினுக்குகிறது

அதிகம் பேரை வாட்டும் குறை இதுதான். எல்லா மினுக்கலும் ஒன்றல்ல என்பதால், எந்த வகை என்று பிரித்துப் பார்க்காமல் மருந்து தேட வேண்டாம்.

மேகம் வரும்போதும் போகும்போதும் வெளிச்சம் ஏறி இறங்குகிறதா? தரை, கட்டடம், மரம் எல்லாமே சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா? கேமரா ஆட்டோவில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அது புதிதாக ஒளியை அளந்து முடிவெடுக்கிறது. வெள்ளை மேகம் ஒன்று சட்டத்துக்குள், அதாவது படத்தில் விழும் பரப்புக்குள், வந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். எல்லா அளவையும் நீங்களே அமைக்கும் மேனுவல் முறைக்கு மாறுங்கள். மேனுவலில் வைத்தும் இதே குறை வந்தால் ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோவில் இருக்கிறதா பாருங்கள். பலருக்கு அங்கேதான் வழுக்குகிறது. கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் ஒரே இடத்தை அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கேமரா செயலிகள் ஒளியையும் ஃபோகஸையும் பூட்டிவிடும்.

நிறம் மட்டும் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே ஊசலாடுகிறதா? வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கிறது. ஏதாவது ஓர் அளவில் நிறுத்திவையுங்கள். ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்திருந்தால் கவலையே இல்லை, எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் மேனுவல், பதிவில் எல்லா எண்ணும் ஒன்றுபோல் இருக்கின்றன, ஆனாலும் மெல்லிய நடுக்கம்போல் ஒளி துடிக்கிறதா? இது அப்பர்ச்சர் மினுக்கல். பல கேமராக்களில் லென்ஸின் இதழ்கள் முழுதாகத் திறந்தே இருக்கும். படம் எடுக்கும் கணத்தில் மட்டும் எஃப் 8 அல்லது எஃப் 11 வரை சுருங்கி, உடனே விரியும். ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் சுருங்குகின்றன. தனிப்படத்தில் இது கண்ணுக்கே தெரியாது. நொடிக்கு 25 படம் ஓடும்போது பளிச்சென்று தெரியும். லென்ஸை முழுதாகத் திறந்த நிலையில் எடுத்தால் இதழ்கள் அசையவே வேண்டியதில்லை, பிரச்சினையும் இல்லை. ஒளி அதிகமானால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். அப்பர்ச்சர் வளையத்தைக் கையால் திருப்பும் பழைய லென்ஸ் ஒன்று கையில் இருந்தால், டைம்லேப்ஸுக்கு அதைவிட நல்ல லென்ஸ் கிடையாது என்பது என் எண்ணம்.

அறைக்குள் விளக்கொளியில் எடுத்ததா? மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/500 நொடியில் எடுத்தால் ஒரு படம் பிரகாசமான கணத்திலும் அடுத்தது மங்கிய கணத்திலும் மாட்டும். படத்தில் கோடுகோடாகப் பட்டை விழுவதும் உண்டு. ஷட்டரை 1/50 அல்லது 1/25 நொடிக்குக் கொண்டுவாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/30. அரை நொடிக்குப் போனால் இன்னும் நல்லது.

இது எதுவுமில்லாமல், ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் சட்டென்று மாறி அப்படியே நிற்கிறதா? யாரோ விளக்கைப் போட்டிருக்கிறார்கள், அல்லது யாரோ கேமராவைத் தொட்டிருக்கிறார்கள்.

எடுத்து முடித்த படங்களில் மினுக்கலை மென்பொருளால் ஓரளவு சரிசெய்ய முடியும். எல்ஆர்டைம்லேப்ஸ் இதற்கென்றே உள்ள ஒன்று. அடுத்தடுத்த படங்களின் ஒளியளவை ஒப்பிட்டுச் சமன்படுத்தும். ஆனால் வெளுத்துப்போன மேகத்தில் இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

## படம் நகர்கிறது, குலுங்குகிறது

சட்டம் மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகிறது என்றால் டிரைபாடின் கால் மண்ணில் இறங்குகிறது. ஈர மணலில் இது நிச்சயம் நடக்கும். காலை நன்றாக அழுத்தி ஊன்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். கால்களுக்கு அடியில் தட்டையான கல் வைத்தாலும் சரி. லென்ஸை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்த்திருந்தால், ஜூம் வளையம் தன் எடையிலேயே வழுக்குவதும் உண்டு. ஒரு துண்டு ஒட்டுநாடா போதும்.

அங்கங்கே குலுங்கினால் காற்று. கேமராவின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், அது பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பையைக் கீழே தொங்கவிடுவதாக இருந்தால் அது தரையைச் சற்றே தொடட்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊசலாடி இன்னும் கெடுக்கும்.

காற்றே இல்லை, தரையும் கெட்டி, ஆனாலும் படம் மிதக்கிறதா? லென்ஸிலோ கேமராவிலோ உள்ள நடுக்கத் தடுப்பை அணைத்தீர்களா? டிரைபாடில் நிற்கும்போது அது இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே நகரக்கூடும்.

மரப்பலகைத் தரையிலோ பாலத்திலோ நின்றால் உங்கள் நடையே கேமராவை ஆட்டும். இந்த விஷயத்தில் இருவர் என்றால் இரட்டிப்பு ஆபத்து. ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார், மற்றவருக்குக் கால் மரத்துப்போய் எழுந்து நடப்பார். கேமராவிலிருந்து பத்தடி தள்ளி உட்காரும் இடத்தை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

ஒரு தற்காப்பு: 24 மெகாபிக்சல் படம் சுமார் 6000 பிக்சல் அகலம் இருக்கும், 4கே காணொளிக்கு 3840 போதும். ஆகவே சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள். பிறகு மென்பொருளில் நிலைப்படுத்தும்போது ஓரங்களை வெட்ட இடம் இருக்கும்.

## பத்து நொடிகூட வரவில்லை

கணக்கு போடாமல் தொடங்கியிருக்கிறீர்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 நொடிக் காணொளிக்கு 250 படங்கள். 5 நொடிக்கு ஒரு படம் என்றால் 1250 நொடி, அதாவது ஏறக்குறைய 21 நிமிடம். அதே 10 நொடியை 30 நொடி இடைவெளியில் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். கிளம்பும் முன் இந்தக் கணக்கை ஒருவர் சொல்ல மற்றவர் சரிபார்க்கட்டும். எவ்வளவு நேரம் காத்திருக்கப் போகிறோம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால், பாதியில் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற கேள்வி வராது.

## மேகம் ஓடவில்லை, தத்துகிறது

இடைவெளி அதிகமாகிவிட்டது. வேகமாக நகரும் மேகத்துக்கு 1 முதல் 3 நொடி, மெதுவான மேகத்துக்கு 5 முதல் 10 நொடி, ஊர்ந்து போகும் நிழலுக்கு 20 முதல் 30 நொடி என்று வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் குறைந்த இடைவெளியையே தேர்ந்தெடுங்கள். அடர்த்தியாக எடுத்ததில் ஒன்று விட்டு ஒன்றை நீக்கி வேகத்தைக் கூட்டலாம். எடுக்காமல் விட்ட படத்தை எங்கே போய்த் தேடுவது?

இடைவெளி சரியாகவே இருந்து, அப்படியும் மனிதர்களும் வண்டிகளும் வெட்டி வெட்டிக் குதித்தால் ஷட்டர் வேகம்தான் காரணம். 1/500 நொடியில் ஒவ்வொன்றும் உறைந்து நிற்கும். ஷட்டர் நேரம் இடைவெளியில் பாதி அளவு இருந்தால் அசைவுகள் ஒன்றோடொன்று இழைந்து ஓடும். 4 நொடி இடைவெளிக்கு 2 நொடி ஷட்டர். பகலில் அவ்வளவு நேரம் திறந்துவைக்க 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரு மடங்காவது). அது ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கி, 1/500 நொடியை 2 நொடியாக மாற்றித்தரும்.

அப்புறம் இன்னொன்று. ஓட்டம் சீராகப் போய்க்கொண்டிருந்து, திடீரென்று ஒன்று விட்டு ஒன்று எடுத்ததுபோல் ஆகிறதா? கேமரா படங்களைத் தவறவிட்டிருக்கிறது. ஷட்டர் நேரமும் கார்டில் எழுதும் நேரமும் சேர்ந்து இடைவெளியைத் தாண்டினால் இப்படித்தான். இரவில் எடுக்கும்போது நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் ஓர் இருட்டுப் படத்தை எடுக்கும். 20 நொடிப் படம் 40 நொடி ஆகிவிடும்.

## சூரியன் மறைந்ததும் எல்லாம் கறுப்பு

பகலிலிருந்து இரவுக்குப் போகும் டைம்லேப்ஸ்தான் இந்தப் பொழுதுபோக்கில் ஆகக் கடினமானது. இருவராக எடுப்பதன் அருமை தெரிவதும் இதில்தான்.

ஒளி எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். மாலையில் 1/100 நொடி, ஐஎஸ்ஓ 100 போதும். அதே அப்பர்ச்சரில் நட்சத்திரம் தெரியும்போது 25 நொடி, ஐஎஸ்ஓ 3200 தேவைப்படலாம். பெருக்கிப் பார்த்தால் 80,000 மடங்கு. ஒரே அமைப்பில் பூட்டிவைத்தால் பாதிக் காணொளி கறுப்பாகத்தான் இருக்கும். முழு ஆட்டோவில் விட்டால் மினுக்கும்.

நாங்கள் செய்வது இதுதான். ஒருவர் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடத்தை, பார்ப்பார், மற்றவர் மாற்றுவார். வரைபடத்தின் மேடு இடப்பக்கம் சாயத் தொடங்கியதும் பார்ப்பவர் சொல்ல வேண்டும். மற்றவர் ஷட்டர் நேரத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் மட்டும் கூட்டுவார். ஒரே தாவலில் ஒரு முழு ஸ்டாப் கூட்டவே கூடாது. முதலில் ஷட்டர், அது எல்லையைத் தொட்ட பிறகு ஐஎஸ்ஓ. அப்பர்ச்சர் பக்கம் போவதே இல்லை. கேமராவைக் கையால் தொட்டால் சட்டம் அசையும் என்பதால், கைப்பேசிச் செயலி வழியாக மாற்ற முடிந்தால் அதையே செய்யுங்கள். இப்படி எடுத்ததில் ஒளி சின்னச் சின்னப் படிக்கட்டாக ஏறியிருக்கும்; ரா கோப்புகளாக இருந்தால் மென்பொருள் அந்தப் படிகளை வழவழப்பான சரிவாக்கிவிடும்.

எங்கள் முதல் முயற்சி படிக்கட்டால் கெடவில்லை. ஒளி குறைகிறது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றி, இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் ஆளுக்கு ஒரு தடவை மாற்றிவிட்டோம். "நான்தான் மாற்றிட்டேனே, நீங்க ஏன் தொட்டீங்க?" என்று நான் கேட்க, "நீ சொல்லவே இல்லையே" என்றார் என்னோடு படம் எடுப்பவர். அன்றிலிருந்து ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு கை. மாற்றியவர் நேரத்தையும் புதிய அளவையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மென்பொருளில் உட்காரும்போது அந்தத் தாள் எங்களுக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இடைவெளியை இரவின் கணக்குக்கே வையுங்கள். 5 நொடி இடைவெளியில் தொடங்கிவிட்டு 20 நொடி ஷட்டருக்குப் போக முடியாது. நடுவில் இடைவெளியை மாற்றினால் மேகத்தின் வேகம் சட்டென்று மாறி, பார்ப்பவர் கண்ணில் இடறும்.

## பாதியில் நின்றுவிட்டது

பேட்டரியா, கார்டா என்பது பார்த்ததுமே தெரியும். பேட்டரி என்றால், திரையை அணைத்துவையுங்கள், வைஃபையை அணையுங்கள். யுஎஸ்பி வழியாக மின்சாரம் ஏற்கும் கேமராவாக இருந்தால் பவர் பேங்க் மாட்டுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வைத்திருங்கள்.

இரண்டுமே நன்றாக இருந்து, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் நின்றிருந்தால் அது நீங்கள் கொடுத்த எண்ணிக்கைதான். இடைவெளி விட்டுப் படமெடுக்க வைக்கும் கருவியான இன்டர்வலோமீட்டரில் எத்தனை படம் என்ற இடத்தைப் பாருங்கள். சில கருவிகளில் 399 வரைதான் கொடுக்க முடியும். அதற்கு மேல் வேண்டுமானால் எல்லையில்லாமல் எடுக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசி நின்றுபோனால் வெயிலில் சூடேறியிருக்கலாம், அழைப்பு வந்திருக்கலாம். நிழலில் வைத்து, விமானப் பயன்முறையில் போடுங்கள்.

## ஆரம்பத்தில் தெளிவு, போகப்போக மங்கல்

இரவில் நடந்தால் பெரும்பாலும் பனிதான். லென்ஸின் கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, ஈரம் அதன்மேல் படிகிறது. துடைத்தால் மறுபடி படியும். துடைக்கும் கை சட்டத்தையும் அசைக்கும். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றும் பட்டையை, பவர் பேங்கில் மாட்டித் தொடக்கத்திலிருந்தே ஓடவிடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவைப் புழுக்கத்துக்குக் கொண்டுபோனாலும் இதே மங்கல்தான். மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு, அப்புறம் எடுங்கள்.

முதல் படத்திலிருந்தே நட்சத்திரங்கள் ஊதிப்போய் வட்டமாக இருந்தால் ஃபோகஸ் தவறு. பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஆகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருப்பி, வளையத்தின்மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். புள்ளிகள் சிறு கோடுகளாக நீண்டால் ஷட்டர் நேரம் அதிகம். 500-ஐ லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் தோராயமான உச்ச நேரம் கிடைக்கும்: 20 மிமீ லென்ஸுக்கு 25 நொடி. சென்சார் சிறியது என்றால் அதை இன்னும் 1.5-ஆல் வகுங்கள்.

## காணொளியின் நடுவில் காலம் பின்னோக்கிப் போகிறது

பயப்பட வேண்டாம், படங்கள் கெடவில்லை. கேமராவின் கோப்பு எண் 9999-ஐத் தொட்டு மறுபடி 0001-இலிருந்து தொடங்கியிருக்கிறது. மென்பொருள் பெயர் வரிசைப்படி அடுக்கியதால் பிந்தியது முந்திவிட்டது. எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தி, எல்லாவற்றுக்கும் புதிதாகத் தொடர் எண் கொடுங்கள். நடுவில் ஒரு படத்தை நீக்கியிருந்தாலும் இதையே செய்யுங்கள். எண் விட்டுப்போனால் சில மென்பொருள்கள் தொடரை அங்கேயே துண்டித்துவிடும்.

## ஒருவருக்குப் பொழுதுபோக்கு, மற்றவருக்குக் காத்திருப்பு

இதையும் ஒரு குறையாகவே பார்க்கிறேன், ஏனென்றால் இருவரில் ஒருவர் வருவதை நிறுத்துவது இதனால்தான். தொடக்கத்தில் எங்கள் வீட்டில் கேமரா முழுக்க அவர் கையில் இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை நான் வரவில்லை என்றேன்.

நாங்கள் மாற்றியது இரண்டு விஷயங்கள். ஒன்று, பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொண்டோம்: இந்த முறை சட்டம் எது, இடைவெளி எவ்வளவு என்று முடிவுசெய்பவர் நான் என்றால், அடுத்த முறை அவர். மற்றவர் யோசனை சொல்லலாம், ஆனால் முடிவு ஒருவருடையது. இரண்டு, ஒருவர் கேமராவில் எடுக்கும்போது மற்றவர் கைப்பேசியில் வேறு கோணத்தில் எடுப்பது. அவர் மேகத்தை எடுத்த அதே ஒரு மணி நேரத்தில் நான் தரையில் ஒரு புல்லின் நிழல் சுற்றி வருவதை எடுத்தேன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் அது எங்கள் இருவருடைய படமாகத் தோன்றியது.

எடிட்டிங்கில் அவருக்கு 30 நொடி வேண்டும், எனக்கு 8 நொடி போதும். சண்டை வேண்டாம். படங்கள் அப்படியேதான் இருக்கின்றன; ஆளுக்கு ஒன்று செய்துகொள்ளலாம்.

## செடி எடுக்கிறோம், எதுவும் ஒழுங்காக வரவில்லை

வெளியே போக நேரமில்லாத இருவருக்கு வீட்டிலேயே விதை முளைப்பதை எடுப்பதுபோல் நல்ல தொடக்கம் வேறில்லை. 1910-இலேயே பிரிட்டனில் பெர்சி ஸ்மித் பூக்கள் விரிவதை இப்படித் திரையில் காட்டிவிட்டார். 15 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் ஐந்து நாளில் 480 படங்கள், 19 நொடிக் காணொளி.

பகலும் இரவும் மாறி மாறிப் பளிச்சிட்டால் சன்னல் வெளிச்சத்தை மறைத்து, ஒரே விளக்கில் எடுங்கள். செடி முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தால் அது ஒளியைத் தேடிப் போகிறது; விளக்கை மேலே மாற்றுங்கள். தொட்டி திடீரென்று இடம் மாறினால் தண்ணீர் ஊற்றியவர் நகர்த்தியிருக்கிறார்: தொட்டியின் அடியைச் சுற்றி மேசையில் நாடா ஒட்டி, நீண்ட மூக்குள்ள பாத்திரத்தால் ஊற்றுங்கள். தளிர் சட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது என்றால், மேலே இடம் விடவில்லை. விதை எடுக்கும்போது சட்டத்தில் முக்கால் பங்கு வெறுமையாக இருப்பதுதான் சரி.

அவரைச் செடியின் இலைகள் மூச்சு விடுவதுபோல் தாழ்ந்து எழுகின்றனவா? அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். இரவில் இலை தொங்கி, காலையில் நிமிரும். அந்தச் செடி வாழும் விதமே அதுதான். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு ஆகப் பிடித்த காட்சியும் அதுதான்.

## நாங்களும் படத்தில் இருக்க வேண்டும், ஆனால் பேய்போல வருகிறோம்

நீங்கள் அசைந்திருக்கிறீர்கள், அல்லது போதுமான நேரம் இருக்கவில்லை. ஒரு படத்தில் மட்டும் இருந்தால் திரையில் 1/25 நொடிதான் தெரிவீர்கள். 4 நொடி தெரிய வேண்டுமானால் 100 படங்களில் இருக்க வேண்டும். 5 நொடி இடைவெளியில் அது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நிற்பதைவிட உட்காருங்கள், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொள்ளுங்கள், தலை ஆடாது. நட்சத்திரங்களுக்குக் கீழே என்றால் ஷட்டர் திறந்திருக்கும் 20 நொடியும் சிலையாக இருந்து, அது மூடிய இடைவேளையில் மட்டும் அசையுங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியை மட்டும் எடுக்காதீர்கள். திரையின் வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் விழுந்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் மினுக்கும்.